அந்தரத்தில் நின்ற பந்து

பதினோரு வயது வரை நான் ரயிலைப் பார்த்ததில்லை. கப்பல் பார்த்திருக்கிறேன், ஹெலிகாப்டர் பார்த்திருக்கிறேன், ஓடையோரத்தில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த முதலையைக்கூட ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தமானில் பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ரயில்தான் எங்களுக்குக் கிடையாது. லீவுக்கு மெயின்லேண்ட் போய்வந்த பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து ரயிலைப் பற்றி அளப்பார்கள். அதற்குள் மூன்று அடுக்குக் கட்டில் உண்டாம், ஓடும்போதே டீ விற்பார்களாம், நிறுத்த வேண்டுமென்றால் சிவப்புச் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் போதுமாம். எனக்கு வயிறு எரியும். எரிந்தாலும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் யாரும் மெயின்லேண்ட் போகக் கூடாது என்று அப்பா சொன்னதே இல்லை. அவர் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துவந்தார். மழை இல்லாத மாதங்களில் வேலை தலைக்கு மேல் இருக்கும், நகர முடியாது. மழை பிடித்துக்கொண்டால் வேலை இருக்காது, ஆனால் கப்பல் ஆடும், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். ஆக ஊருக்குப் போவதற்கு ஏற்ற மாதம் ஒன்று காலண்டரில் அச்சடிக்கப்படவே இல்லை. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்பது அவர் வருஷா வருஷம் தவறாமல் சொல்லும் வாக்கியம். அம்மா அதற்கு “ம்” என்பாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா தன் ஊரான சாத்தூருக்குப் போனதே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் டென்னிஸ் நுழைந்தது ஒரு பீரோவோடு. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள் திரும்பிப் போகும்போது பாதிச் சாமானை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போவார்கள். கப்பலில் ஏற்றும் செலவுக்கு அங்கே புதிதாகவே வாங்கிவிடலாம். அதனால் எங்கள் புரோத்ராபூரில் முக்கால்வாசி வீடுகளில் ஏதோ ஒரு அதிகாரியின் கட்டிலோ ஃப்ரிட்ஜோ இருக்கும். அப்பா அப்படி ஒரு பீரோவைப் பேசி வாங்கி வந்தார். அதற்குக் கொசுறாக இரண்டு டென்னிஸ் மட்டைகளும் ஒரு பக்கெட் நிறைய வழுக்கைப் பந்துகளும் வந்தன. பீரோவை அம்மா எடுத்துக்கொண்டாள், மட்டையை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுச் சுவரில் பந்தை அடிப்பேன், அது திரும்பி வரும், மறுபடி அடிப்பேன். சுவர் ஒருபோதும் தப்பு விடாது என்பதால் எனக்கும் கை நன்றாகவே பழகிப்போயிற்று. உள்ளே தூங்குகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஆறு மாதம் இப்படிப் போனபின் ஒருநாள் பள்ளியில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பி.டி. சார் ஓர் அறிவிப்புச் செய்தார். திருநெல்வேலியில் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டென்னிஸ் போட்டி நடக்கிறது, தீவுகளிலிருந்து ஓர் அணி போகிறது, பையன்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று, பெண்களில் ஒரே ஒருத்திக்கு இடம் இருக்கிறது. சென்னை வரை கப்பல், அங்கிருந்து ரயில். ரயில் என்ற சொல் முடிவதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். தீவு முழுவதிலும் தூக்கிய கைகள் மொத்தம் இரண்டுதான். இன்னொன்று போர்ட் பிளேரில் இருந்த ஓர் அதிகாரியின் மகளுடையது. அவளோடு ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்தால் நான் போகலாம்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். திருநெல்வேலி என்று சொன்னேனா, இல்லை ரயில் ரயில் என்று மட்டும் கத்தினேனா, ஞாபகமில்லை. அப்பாதான் பி.டி. சாருக்கு போன் போட்டு விவரம் கேட்டார். பெண் பிள்ளை போவதால் துணைக்கு ஒரு பெண் வர வேண்டும், டீச்சர் பிரசவ லீவில் இருக்கிறார், அதனால் ஜெயிக்கிற பிள்ளையின் அம்மாவே வரலாம் என்றாராம். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வண்டி எந்த வழியாப் போகும்?”

“வேற எந்த வழி? மதுரை, விருதுநகர், சாத்தூர், கோயில்பட்டி” என்றார் அப்பா.

அம்மா “ம்” என்றாள். தலை உள்ளே போய்விட்டது. மறுநாள் விடிவதற்குள் என்னை உதைக்காத குறையாக எழுப்பி, பந்து பக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அதுவரை டென்னிஸ் மட்டையை அவள் ஈ அடிக்கக்கூட எடுத்ததில்லை.

சுவரில் அடித்த பழக்கத்தால் வருகிற பந்தைத் திருப்பி அடித்துவிடுவேன். ஆனால் ஆட்டத்தைத் தொடங்க சர்வீஸ் போட வேண்டுமே. சுவருக்கு சர்வீஸ் எதற்கு? பந்தைத் தூக்கிப் போட்டு நான் அடித்தால் மட்டை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்பா பார்த்தார். இதைப் படித்துத்தான் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினார்.

கடலடிக் கேபிள் வராத காலம் அது. இன்டர்நெட் என்பது எங்களுக்குக் கார்த்திகை மாதத்து வெயில், வரும், இருக்கும் என்று நம்பக் கூடாது. படமோ பாட்டோ வேண்டுமென்றால் அபர்டீன் பஜாரில் செல்போன் கடைக்காரனிடம் சொல்லி வைக்க வேண்டும். அவன் இரண்டு நாள் கம்ப்யூட்டரை அணைக்காமல் வைத்து, சர்வீஸ் போடுவது எப்படி என்ற வீடியோவை இறக்கி மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தான். அப்பா அதைத் தாலிக்கொடி வாங்கி வருகிறவர் மாதிரி சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார்.

வீடியோவில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஏதோ பேசினார். அந்த இங்கிலீஷில் அப்பாவுக்கு முழங்கை என்கிற ஒரு வார்த்தை பிடிபட்டது, எனக்கும் அம்மாவுக்கும் அதுவும் இல்லை. அவர் பக்கவாட்டில் நின்றார், இடது கையால் பந்தை மேலே போட்டார், வலது கையில் மட்டையைத் தலைக்குப் பின்னால் தூக்கினார், முழங்காலை மடக்கினார். அங்கே படம் நின்றது. பந்து அந்தரத்தில், அவர் அதைப் பார்த்தபடி, குரல் மட்டும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் படம் ஒரு குதி குதித்தது. பார்த்தால் பந்து எங்கோ போயிருந்தது, மட்டை அவருடைய இடது தொடையருகே இருந்தது, மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, அங்க நிக்கணும்” என்றார் அப்பா.

நான் சந்தேகப்பட்டேன். படம் மாட்டிக்கொண்டு நிற்பது எங்களுக்குப் புதிதா என்ன? கார்ட்டூன் நிற்கும், பாட்டு நிற்கும், துபாயில் இருந்த சித்தப்பா வீடியோ காலில் கொட்டாவி விட்ட வாயோடு கால் மணி நேரம் நிற்பார். ஆனால் அப்பாவின் வாதம் பலமானது. நெட்டில் பார்த்தால்தான் நிற்கும், இறக்கி வைத்ததில் எப்படி நிற்கும்? முக்கியமான இடத்தில்தான் படத்தை நிறுத்திக் காட்டுவார்கள், கிரிக்கெட்டில் ரன் அவுட் காட்டுவதில்லையா? எத்தனை தடவை போட்டாலும் சொல்லி வைத்தாற்போல் அதே இடத்தில் நின்றது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆக, பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுவில் நிற்கிற சர்வீஸை நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியவர் பாக்கு காயப்போடும் சிமென்ட் களம்தான் மைதானம். களத்தின் குறுக்கே பழைய மீன்வலையைக் கட்டினோம். ஜங்கிலிகாட் மீன்துறையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மீனவர் கொடுத்தது அது. வலையில் சூரை மீன் வாடை போகவே இல்லை. அக்கம்பக்கத்துப் பூனைகளெல்லாம் வந்து வரிசையாக உட்கார்ந்து எங்கள் பயிற்சியைப் பார்த்தன. பெரியவர் முதலில் “அரே பேட்டி, சுப்பாரி மே மத் மாரோ” என்று பாக்கின் மேல் பந்து விழாமல் காவல் காத்தார். ஒரு வாரம் போனதும் அவரே பாக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நடுவில் நிற்க வேண்டுமென்றால் பந்து அதுவரை கீழே விழாமல் இருக்க வேண்டும். அதாவது உயரமாகப் போட வேண்டும். அம்மா ஒட்டடைக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் நுனிக்கு மேலே போட்டால்தான் ஆச்சு என்றாள். என் பந்து ஒன்று முகத்துக்கு நேராக வந்து விழும், அல்லது முதுகுக்குப் பின்னால் போய்த் தொலையும். அம்மா சலிக்கவே இல்லை. கையை மடக்காமல் தூக்கு, விரலால் சுண்டாதே, தட்டைத் தூக்கி மேல் ஷெல்பில் வைக்கிற மாதிரி வை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஷெல்ப் கணக்கு எனக்கு எப்படியோ பிடிபட்டது. பந்து ஒட்டடைக் கம்பைத் தாண்டி நேராக ஏறி நேராக இறங்கத் தொடங்கியது.

அடுத்த சிக்கல், நின்ற பிறகு என்ன செய்வது? படத்தில் அந்த இடம்தான் இல்லையே. அப்பா ஏதேதோ செய்து காட்டினார். ஈ விரட்டுவது மாதிரி ஒன்று, ஆணி அடிப்பது மாதிரி ஒன்று. எதுவும் தேறவில்லை. கடைசியில் அம்மா கம்பைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“புளியங்காய்க்குக் கல் எறிவமே, அப்படி எறிடி மட்டையை. கையைவிட்டு மட்டும் விட்டுராத.”

எனக்குப் புளியங்காய் எறிந்து பழக்கமில்லை. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எறிந்து காட்டினாள். சாத்தூர் ரோட்டோரப் புளிய மரங்களை அவளும் அவளுடைய அக்காவும்தான் ஒரு காலத்தில் ஆண்டார்களாம். அக்கா எறிந்தால் கை பின்னால் போய் முதுகை ஒரு சொறி சொறிந்துவிட்டுத்தான் மேலே வருமாம், கல் எங்கே போகச் சொன்னாளோ அங்கே போகுமாம். “எனக்கு அவளை மாதிரி வராது” என்று சொல்லிவிட்டு இன்னொரு கல்லை எடுத்து எறிந்தாள். அது பெரியவர் வீட்டுத் தகரக் கூரையில் போய் விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

இப்படியாக ஒரு சர்வீஸ் உருவானது. தொடக்கம் வெள்ளைக்காரருடையது, நடுவில் நிற்பது அப்பாவின் கண்டுபிடிப்பு, மிச்சம் நான் பார்த்தேயிராத பெரியம்மாவுடையது.

போட்டி அன்று காலையிலேயே தூறல். பிறகு வெறித்தது. டவுனில் உண்மையான டென்னிஸ் கோர்ட்டில் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். வலையில் மீன் வாடை இல்லாதது ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது. அதிகாரி மகள் என்னைவிட ஒரு சாண் உயரம், வெள்ளை ஷூ, வெள்ளைக் கைப்பட்டை. டெல்லியில் கோச்சிடம் படித்தவளாம். ரயிலில் எத்தனையோ தடவை போயிருப்பாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

என் முதல் சர்வீஸைப் பார்த்ததும் அவள் மிரண்டுபோனாள். நான் பந்தைத் தூக்கிப் போட்டேன், மட்டையைப் பின்னால் கொண்டுபோனேன், நின்றேன். நான் அடிக்கப்போகிறேன் என்று நினைத்து அவள் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டாள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அவள் குழம்பிப் பின்னால் போகும்போது அடித்தேன். பந்து அவளைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததும் அப்படியே. அவள் அம்பயரிடம் போய் இது செல்லுமா என்று கேட்டாள். அம்பயர் யோசித்துவிட்டு, நிற்கக் கூடாது என்று விதி இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். வேலிக்கு வெளியே அப்பா தனக்கே பதக்கம் கொடுத்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

ஆனால் அவள் என்ன முட்டாளா? பாதி ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். நான் நிற்கும்போது அவளும் சாவகாசமாக நின்றாள். நான் அடிப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் நகர்ந்தாள். பந்து ஒவ்வொன்றும் சுளீரென்று திரும்பி வந்தது. முன்னால் போயிருந்த நான் ஒவ்வொன்றாக இழந்தேன். கடைசியில் ஒரு கேம் மட்டும் முன்னால் இருந்தேன், சர்வீஸ் என்னுடையது, இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ரயில். வேலிப் பக்கம் பார்த்தேன். அப்பா வாயசைத்து “நில்லு, நில்லு” என்றார். அம்மா பக்கெட்டைக் கொண்டுவந்திருக்கவில்லை, ஆனால் இடுப்பில் பக்கெட் இருப்பது மாதிரியே கையை வளைத்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் என்மேல் இல்லை, பந்தின் மேல் இருந்தது.

முதல் சர்வீஸ் நீளமாகப் போய் வெளியே விழுந்தது. இன்னும் ஒரு வாய்ப்புத்தான். பந்தைத் தூக்கிப் போட்டேன், நின்றேன். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன். பந்து இறங்கியே விட்டது. எப்படியோ மட்டையைக் கொடுத்தேன். அது வலையின் மேல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் கட்டத்துக்குள் சொத்தென்று விழுந்தது. அவள் நகரவே இல்லை.

அவ்வளவுதான், அப்பா வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டார். “ஜெயிச்சாச்சு, பாப்பா ஜெயிச்சாச்சு” என்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். வலையில் பட்டு விழுந்த சர்வீஸ் கணக்கில் வராது, திரும்பப் போட வேண்டும் என்று அம்பயர் இந்தியில் சொல்ல, அது அப்பாவின் காதில் ஏற, அவர் என்னை இறக்கிவிட, நான்கு பேர் சிரிக்க, எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்பா அசடு வழியத் திரும்பிப் போனார். அம்மா அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

அவமானத்தில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. எப்படியாவது போட்டுத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. பந்தை ஷெல்பில் வைக்கிற மாதிரி வைத்தேன். நிற்க மறந்துவிட்டேன். கை தானாகப் பின்னால் போய், முதுகை ஒரு சொறி சொறிந்து, விர்ரென்று மேலே வந்தது. அப்படி ஒரு சத்தத்தை என் மட்டை அதுவரை போட்டதில்லை. நான் நிற்பேன் என்று சாவகாசமாகக் காத்திருந்தவளுக்குப் பந்து போன திசையைத் திரும்பிப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

இந்தமுறை அப்பா வரவில்லை. அம்பயரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் வந்தாள். ஓடிவந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, “எறிஞ்சுட்டடி” என்றாள். அவளுடைய கைகள் ஜில்லென்று இருந்தன.

அந்தப் பெண் கைகொடுக்க வந்தபோது, யார் சொல்லிக்கொடுத்தது என்று இந்தியில் கேட்டாள். வீடியோ என்றேன். தொப்பிக்காரரா என்றாள், அவளும் அதைப் பார்த்திருக்கிறாளாம். “உஸ்மே தோ வோ ருக்தா ஹீ நஹி” என்றாள். அதில் அவர் நிற்பதே இல்லையாம், ஒரே ஓட்டமாக அடிப்பாராம், என் கடைசி சர்வீஸ் மாதிரி. நான் அதை அப்பாவிடம் சொன்னேன். தோற்ற பொறாமையில் பேசுகிறாள் என்றார். இன்றைக்கும் அப்பா அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்று நாள் கப்பலிலும் நான் வாந்தி எடுக்கவில்லை. அப்பாவின் பல வருஷத்து வாதம் கடலில் போயிற்று. சென்னையில் இறங்கியதும் அம்மா ஒரு கடையில் நின்று யாருக்கோ போன் பேசினாள். நான் ரயில் ரயில் என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ரயில் நான் நினைத்ததைவிட நீளம். மூன்று அடுக்குக் கட்டில் உண்மைதான். டீயும் உண்மைதான். சிவப்புச் சங்கிலியை விடியும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், யாராவது இழுப்பார்களா என்று. யாரும் இழுக்கவில்லை.

விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் வண்டி சாத்தூரில் நின்றது. அம்மா அதற்கு முன்பே முகம் கழுவி, தலை சீவி, கதவோரத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். வண்டி முழுசாக நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். பிளாட்பாரத்தில் ஒருத்தி ஓடிவந்தாள். அம்மாவின் அதே முகம், கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் நரை. ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வண்டி நிற்பதோ கொஞ்ச நேரம், எஞ்சின் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதை விட்டுவிட்டு இப்படி நிற்கிறார்களே என்று ஜன்னல் கம்பி வழியாகக் கத்தினேன். பெரியம்மா என்னைப் பார்த்தாள், சிரித்தாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வண்டி ஊதிவிட்டது.

அம்மா ஓடிவந்து ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்துவிட்டது. அப்போதுதான் பெரியம்மாவுக்குத் தன் கையில் இருந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். எட்டவில்லை. நின்றாள். சேலையை இழுத்துச் செருகினாள். கை பின்னால் போனது, முதுகை ஒரு சொறி சொறிந்தது, மேலே வந்தது. பொட்டலம் பிளாட்பாரத்துக்கு மேலே பறந்துவந்து கதவுக்குள் அம்மாவின் நெஞ்சில் போய் விழுந்தது. வண்டியில் இருந்தவர்களெல்லாம் ஹோவென்று கத்தினார்கள். நான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினேன், அது என் சர்வீஸ் என்று.

திருநெல்வேலியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுப்போனேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திரும்பி வந்த வண்டி சாத்தூரில் நிற்காத வண்டி.

ஆனால் அந்தக் காலையில் அம்மா பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டுதான் வந்தாள், உட்கார்ந்த பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். வண்டியைத்தான் பிடித்துவிட்டாளே, அப்புறம் எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

“சாத்தூர் சேவுடி. காரம்” என்றாள்.

நான் நம்பினேன். பாவம் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்த பிறகு, பொட்டலத்தை வாங்கி, சணல் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து நான்தான் முதன்முதலாக அவிழ்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ரயிலில் போய்க்கொண்டே சேவைத் தின்றேன்.